சைமன் சிங் வழக்கில் கோர்ட் எதைத் தீர்மானித்தது, எதைத் தொடவே இல்லை

பிரிட்டனில், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறையினரின் சங்கம் ஒன்று அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது மானநஷ்ட வழக்குப் போட்டுத் தோற்றது. அப்படியென்றால் அந்த மருத்துவம் பொய் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாகத்தானே அர்த்தம், ஆனால் என் சித்தப்பாவின் முதுகுவலி அங்கே போன பிறகுதானே குறைந்தது, என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "ஒருவர் பெயரைக் கெடுத்தால் அவர் கோர்ட்டுக்குத்தானே போக முடியும், அதில் என்ன தப்பு?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்ற விவாதத்தில் மானநஷ்டச் சட்டத்துக்கு இடம் உண்டா, உண்டென்றால் எதுவரை என்பதே கேள்வி.

நான் மருத்துவம் படித்தவனல்ல. இங்கிலாந்தில் சட்டம் படித்துவிட்டு, பதினெட்டு வருடமாகப் பதிப்பகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அச்சுக்குப் போகும் முன் கட்டுரைகளைப் படித்து, எந்த வரிக்கு வழக்கு வரும், எந்த வரி தாங்கும் என்று குறித்துக் கொடுப்பவன். அதனால் சட்டப் பகுதியை உறுதியோடு சொல்வேன். மருத்துவ ஆய்வுகளைப் பற்றி, வெளியான அறிக்கைகளைப் படித்த அளவில் சொல்கிறேன்.

முதலில் நடந்ததை ஒருமுறை பார்த்துவிடலாம். 2008 ஏப்ரல் 19 அன்று கார்டியன் பத்திரிகையில் சைமன் சிங் ஒரு கட்டுரை எழுதினார். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் சொடுக்கியும் சரிசெய்வதாகச் சொல்லும் முறை. 1895ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. ஏறக்குறைய எல்லா நோய்களும் எலும்பு இடம் பிசகுவதால்தான் வருகின்றன என்று அவர் நம்பினார். சிங்கின் கட்டுரை முதுகுவலியைக் குறிவைக்கவில்லை. கைக்குழந்தைகளின் வயிற்றுவலி அழுகை, பால் குடிப்பதிலும் தூக்கத்திலும் வரும் சிக்கல், அடிக்கடி வரும் காதுத் தொற்று, ஆஸ்துமா ஆகியவற்றுக்குத் தங்கள் உறுப்பினர்கள் உதவ முடியும் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் சொல்லிவந்தது. அதற்குத் துளிகூட ஆதாரம் இல்லை என்றார் சிங். மதிப்பான முகமாக இருக்கும் இந்தச் சங்கம் "போகஸ்" சிகிச்சைகளை மகிழ்ச்சியோடு பரப்புகிறது என்றும் எழுதினார்.

கார்டியன் சங்கத்துக்குப் பதில் எழுத இடம் தருவதாகச் சொன்னது. சங்கம் அதை ஏற்கவில்லை. பத்திரிகையை விட்டுவிட்டு, சிங் என்ற தனிமனிதர் மீது மட்டும் வழக்குப் போட்டது. இந்த இரண்டு விஷயங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சொல். நம் மொழியில் "போலி" என்று வைத்துப் பாருங்கள், சிக்கல் உடனே விளங்கும். "இது போலி வைத்தியம்" என்றால் பலிக்காத வைத்தியம் என்றும் கொள்ளலாம், ஏமாற்று வேலை என்றும் கொள்ளலாம். "போலி டாக்டர்" என்று செய்தியில் வந்தால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: பட்டமே இல்லாமல் தெரிந்தே ஏமாற்றுகிற ஆள். ஆங்கிலத்தில் "போகஸ்" என்ற சொல்லுக்கும் இதே இரட்டை நிழல் உண்டு. சிங் முதல் பொருளில் எழுதினார் என்பது அவர் கட்டுரையின் அடுத்த பத்தியிலேயே தெரியும். மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் முதுகுக்குத் தொடர்பில்லாத நோய்களைப் பற்றிய 70 ஆய்வுகளைப் பரிசீலித்தும் ஆதாரம் காணவில்லை, அதனால்தான் இப்படிச் சொல்கிறேன் என்று காரணத்தை அங்கே எழுதியிருந்தார். ஆனால் 2009 மே 7 அன்று நீதிபதி ஈடி, முழு விசாரணைக்கு முன்பே அர்த்தத்தை மட்டும் எடுத்துத் தீர்மானித்தபோது, இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டார். ஆதாரம் இல்லை என்று தெரிந்தே சங்கம் பரப்புகிறது என்பதுதான் அந்த வரியின் பொருள், அது கருத்தல்ல, உண்மைத் தகவலாகச் சொல்லப்பட்டது என்றார். "மகிழ்ச்சியோடு" என்ற சொல்லும் அந்த வாசிப்புக்குத் துணைபோனது.

இது ஏன் தலையில் விழுந்த இடி என்று சொல்கிறேன். இங்கிலாந்துச் சட்டத்தில், உங்கள் மீது மானநஷ்ட வழக்கு வந்தால், எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வழக்குப் போட்டவர் அது பொய் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆக, "ஆதாரம் இல்லை" என்று மட்டுமே நினைத்து எழுதியவர், ஒரு சங்கத்தின் நிர்வாகிகள் மனதறிந்து பொய் சொன்னார்கள் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதை எப்படி நிரூபிப்பது? அவர்களில் பலர் தங்கள் கை வைத்தியத்தை உளமார நம்பியிருப்பார்கள். சிங்கும் அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. தான் சொல்லவே சொல்லாத ஒன்றைத் தான் நிரூபிக்க வேண்டிய நிலை அது.

அந்தத் தீர்ப்பால் நீதிபதி ஈடியைப் பலர் திட்டினார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திச் சர்ச்சை கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், தன்னை விமர்சித்த சேனல் 4 தொலைக்காட்சி மீது வழக்குப் போட்டுவிட்டு அதை நிறுத்திவைக்கப் பார்த்தபோது, 2005ல் அதை மறுத்தவர் இதே ஈடிதான். விளம்பரத்துக்கும் விமர்சகர்களை அடக்குவதற்கும் வழக்கைப் பயன்படுத்தப் பார்ப்பதாகத் தெரிகிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். சிக்கல் ஒரு நீதிபதியிடம் இல்லை. ஒரு சொல்லின் அர்த்தத்தை முதலில் பூட்டிவிட்டு, பிறகு அந்தப் பூட்டுக்குச் சாவி தேடச் சொல்லும் முறையில் இருந்தது.

2009 அக்டோபரில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்தது. 2010 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று மூத்த நீதிபதிகள், ஜட்ஜ், நியூபெர்கர், செட்லி ஆகியோர், ஈடியின் முடிவை மாற்றினார்கள். (முதலாமவர் பெயரே ஜட்ஜ் தான், எழுத்துப்பிழை அல்ல.) கிடைக்கும் ஆய்வுகளை எடைபோட்டு "இது ஆதாரமாகத் தேறாது" என்று சொல்வது ஒரு மதிப்பீடு, அதாவது கருத்து, என்றார்கள். அப்படி ஆனதும் சிங்குக்கு நேர்மையான கருத்து என்ற தற்காப்பு கிடைத்தது. அறிவியல் சர்ச்சைகளை அறிவியலின் வழியில்தான் தீர்க்க வேண்டும், வழக்கின் வழியில் அல்ல என்ற ஓர் அமெரிக்க நீதிபதியின் வரியை எடுத்தாண்டார்கள். கலிலியோவை மில்டன் சந்தித்த கதைகூட அந்தத் தீர்ப்பில் வருகிறது. பதில் எழுதக் கிடைத்த இடத்தை மறுத்துவிட்டுத் தனிமனிதர் மீது வழக்குப் போட்டதால், விமர்சகரின் வாயை மூடப் பார்ப்பதான தோற்றம் வந்துவிட்டது என்றும், நோயாளிகள் விவரம் தெரிந்து முடிவெடுக்க உதவியிருக்கக்கூடிய விவாதம் இந்த வழக்கால் உறைந்துபோயிற்று என்றும் சுட்டிக்காட்டினார்கள். இரண்டு வாரத்தில், ஏப்ரல் 15 அன்று, சங்கம் வழக்கைக் கைவிட்டது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில். இல்லை, கைரோபிராக்டிக் பொய் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. குழந்தையின் அழுகைக்கு அது பலிக்குமா என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை. ஒரு சாட்சிகூட அதற்காகக் கூண்டில் ஏறவில்லை. கோர்ட் சொன்னது இவ்வளவுதான்: இதைப் பற்றிக் காரணம் காட்டி ஒருவர் சொல்வது கருத்து, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

சிகிச்சை பலிக்குமா என்பதற்கு விடை வேறு இடத்தில் வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2009 ஜூனில், அழுத்தம் தாங்காமல் சங்கம் 29 மேற்கோள்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது, இதோ எங்கள் ஆதாரம் என்று. ஒரே நாளில் பலர் அவற்றைத் தேடிப் படித்து வரிக்கு வரி எழுதிவிட்டார்கள். சில ஆய்வுகள் கைரோபிராக்டிக் பற்றியதே அல்ல, சில மிகச் சிறியவை, சிலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. அடுத்த மாதம் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் எர்ன்ஸ்ட் அந்தப் பட்டியலை அலசினார். யோசித்துப் பாருங்கள். 2008 ஏப்ரலில் கார்டியன் தந்த இடத்தில் இதே பட்டியலை அச்சிட்டிருந்தால், அதே வாரத்தில் இந்த விவாதம் நடந்திருக்கும். அதற்குப் பதினான்கு மாதமும் இரு தரப்பிலும் கொட்டிய பணமும் தேவைப்பட்டது. சிங்கின் செலவு மட்டும் சுமார் 2 லட்சம் பவுண்டு என்று அப்போது சொல்லப்பட்டது. வென்றவருக்கும் போட்ட பணம் முழுதாகத் திரும்புவதில்லை. இரண்டு வருட உழைப்பு போனது போனதுதான்.

ஆய்வுகளில் எது உறுதி, எது இழுபறி? கைக்குழந்தை அழுகையையும் ஆஸ்துமாவையும் பொறுத்தவரை, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றமே கேட்டு வாங்கி 2010ல் வெளிவந்த அறிக்கை, சிகிச்சை தருவதுபோல் பாவனை மட்டும் செய்வதோடு ஒப்பிடும்போது பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. காதுத் தொற்றுக்கு முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2012ஆம் வருடத் தொகுப்பு, 325 குழந்தைகள் அடங்கிய ஆறு சிறு ஆய்வுகளைப் பார்த்தது. மேலோட்டமாக அழுகை குறைந்ததுபோல் தெரிந்தது. ஆனால் தங்கள் குழந்தைக்குச் சிகிச்சை தரப்பட்டதா இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாதபடி நடத்திய ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால், அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அழுகை நேரத்தைக் குறித்துக்கொடுப்பவர் பெற்றோர்தானே, அதனால் இந்த வேறுபாடு பெரியது. ஆய்வுகள் சிறியவை என்பதால் இனி பெரிய, நல்ல ஆய்வு வந்தால் படம் கொஞ்சம் மாறலாம். அந்தக் கதவை நான் மூடமாட்டேன். முதுகுவலி வேறு கதை, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்வி: அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் என்ன தப்பு? இதற்கு நான் முழுக்க ஒரு பக்கம் நிற்கமாட்டேன். ஒரு கைரோபிராக்டரின் பெயரைப் போட்டு, "இவர் போன மாதம் ஒரு நோயாளியிடம் பொய் சொல்லிப் பணம் பறித்தார்" என்று ஒருவர் எழுதினால், அது உண்மையில்லை என்றால், அவர் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும். அவருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு, நம்பி வருகிறவர்கள் உண்டு. மாற்று மருத்துவம் செய்கிறார் என்பதால் அவர் பெயர் மலிவாகிவிடாது. ஒரு மனிதர் என்ன செய்தார் என்பது கோர்ட்டால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம். ரசீது, சாட்சி, கடிதம் எல்லாம் இருக்கும். ஒரு சிகிச்சை பலிக்குமா என்பது அப்படியல்ல. அதை ஒரு நீதிபதி இரண்டு வக்கீல்களைக் கேட்டு ஒரு தேதியில் முடித்துவைக்க முடியாது. நாளைக்கு வரும் ஆய்வு இன்றைய முடிவைத் திருத்தும், திருத்த வேண்டும்.

மருத்துவ விவாதத்தில் வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. மத்தியாஸ் ராத் என்ற விட்டமின் வியாபாரி தென்னாப்பிரிக்காவில், எய்ட்ஸ் மருந்துகள் நஞ்சு என்று விளம்பரம் செய்து, தன் விட்டமின் மாத்திரைகளை முன்வைத்தார். லட்சக்கணக்கானோர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாட்டில் இதைச் செய்தார். டாக்டர் பென் கோல்டேக்கர் 2007ல் கார்டியனில் இதைக் கண்டித்து எழுதினார். ராத் அவர் மீதும் பத்திரிகை மீதும் லண்டனில் வழக்குப் போட்டார். 2008 ஜூனில் கேப் டவுன் உயர்நீதிமன்றம், ராத் நடத்திய பரிசோதனைகள் சட்டவிரோதம் என்றும், அந்த விளம்பரங்கள் நிறுத்தப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் ராத் லண்டன் வழக்கைக் கைவிட்டார். அதற்குள் கார்டியனின் செலவு 5 லட்சம் பவுண்டு வரை போயிருந்தது. முதல் தவணையாக 2,20,000 பவுண்டு தர ராத்துக்கு உத்தரவானது. வழக்கு நடந்த காலமெல்லாம் கோல்டேக்கரால் தன் புத்தகத்தில் ராத்தைப் பற்றிய அத்தியாயத்தைச் சேர்க்க முடியவில்லை. வழக்கு முடிந்த பிறகு, அடுத்த வருடம்தான் அதை எல்லோரும் இலவசமாகப் படிக்க வெளியிட்டார். அந்தப் பத்திரிகையிடம் பணம் இருந்தது. சிங்கிடமும் நன்றாக விற்ற புத்தகங்களின் வருமானம் இருந்தது. அதனால் இவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது.

பெயர் தெரியாமல் போனவற்றில் ஒன்றில் எனக்கும் பங்குண்டு. 2009ல் ஒரு மருத்துவர் எழுதிய புத்தகம் என் மேசைக்கு வந்தது. புற்றுநோயை உணவாலும் குடல் சுத்தத்தாலும் மாற்றலாம் என்று சொல்லிவந்த ஒரு நிலையத்தைப் பற்றி இரண்டரைப் பக்கம். எனக்குத் தெரிந்தவரை ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் அந்தப் பதிப்பகம் சிறியது. வழக்கு வந்தால், ஜெயித்தாலும் கடையை மூட வேண்டும். எடுத்துவிடச் சொன்னேன். ஆசிரியர் தொலைபேசியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் எழுதியது தப்பா?" தப்பில்லை என்றேன். பிறகு அவர் பேசவில்லை. பக்கங்கள் போயின. சட்டம் மாறிய பிறகு அவரைத் தேடி எழுதினேன். புத்தகம் அச்சில் இல்லை, புதுப்பதிப்பு போட யாரும் இல்லை. அந்த இரண்டரைப் பக்கத்தைப் படித்திருந்தால் யாராவது அந்த நிலையத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போயிருப்பார்களா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. இப்படி எத்தனை பக்கங்கள் போயின என்று யாராலும் எண்ணிச் சொல்லவும் முடியாது.

சட்டம் மாறியது என்றேன். சிங் வழக்கும், இதயநோய் மருத்துவர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் மீது ஓர் அமெரிக்கக் கருவி நிறுவனம் போட்ட வழக்கும் சேர்ந்து பெரிய இயக்கமாகி, 2013ல் புதிய அவதூறுச் சட்டம் வந்தது. 2014 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. வழக்குப் போடுபவர் தன் பெயருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது அல்லது வரும் என்று காட்ட வேண்டும். லாப நோக்குள்ள நிறுவனம் என்றால் கடுமையான பண நஷ்டத்தைக் காட்ட வேண்டும். நேர்மையான கருத்து, பொதுநலன் இரண்டும் எழுத்தில் உள்ள தற்காப்புகள் ஆகிவிட்டன. நிபுணர்கள் சரிபார்த்து அறிவியல் இதழில் வெளியான கட்டுரைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தக் கடைசிப் பாதுகாப்பு இதழில் வந்த கட்டுரைக்கும் அதைச் சரியாக எடுத்துச் சொல்லும் சுருக்கத்துக்கும்தான். சிங் போலச் செய்தித்தாளில் தன் சொந்த விமர்சனத்தை எழுதுபவருக்கு அது உதவாது, அவர் மற்றத் தற்காப்புகளைத்தான் நம்ப வேண்டும். வழக்குச் செலவை இந்தச் சட்டம் தொடவில்லை. வாயை மூடவைக்கும் வழக்குகளை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய 2023ல் ஒரு வழி வந்தது, அதுவும் பொருளாதாரக் குற்றங்களைப் பற்றிய எழுத்துக்கு மட்டும். மருத்துவ விமர்சனம் அதில் வராது. அது வர வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

இதை வைத்து இந்தியாவில் எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் ஒன்று மட்டும். இங்கிலாந்து அவதூறைக் குற்றப் பட்டியலிலிருந்து 2009ல் போட்ட சட்டத்தால் நீக்கிவிட்டது. இந்தியாவில் அது இன்னும் குற்றம். இந்திய உச்சநீதிமன்றம் 2016ல் அதை உறுதிசெய்தது, இப்போது புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் இருக்கிறது. அங்கே உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொல்வது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஆகவே சிங் வென்றதை நம்பி அப்படியே எழுதிவிடாதீர்கள். அங்கே தொழில் செய்யும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

எங்கே எழுதினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். "இந்தச் சிகிச்சைக்கு நான் பார்த்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை, ஆய்வுகள் இவை" என்ற வரியை நான் எடுக்கச் சொல்வதே இல்லை. "தெரிந்தே", "வேண்டுமென்றே", "ஏமாற்றுகிறார்கள்" என்று வந்தால் நிறுத்திக் கேட்பேன்: இவர்கள் மனதில் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும், கையில் என்ன இருக்கிறது? கடிதமோ சாட்சியோ இருந்தால் அந்தச் சொல் நிற்கட்டும். கோபம் மட்டும்தான் என்றால் சொல்லை எடுத்துவிட்டு ஆய்வை வைக்கச் சொல்வேன். வாசகருக்கும் அதுதான் பயன்.

அப்புறம் உங்கள் சித்தப்பா. அவர் அனுபவத்தைப் பொய் என்று சிங்கும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நாள்பட்ட முதுகுவலிக்கு முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதை ஒரு வழியாக எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009ல் பரிந்துரைத்தது. 2016ல் அதைக் குறைத்து, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரலாம் என்றது. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானாகவும் குறைவதால், அவருக்கு எதனால் குறைந்தது என்று ஓர் ஆளை வைத்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து போகிறார் என்றால் கூடவே நடையும் பயிற்சியும் இருக்கட்டும். கழுத்தை வேகமாகச் சொடுக்குவதற்கு முன் யோசிக்கச் சொல்லுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த அரிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, அதற்கு அந்தச் சொடுக்கல்தான் காரணமா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ யாரிடமும் சொடுக்கிக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.